கிளியர் கோட்டுக்கு அடியில்

மரக்காணத்தில் ஈசிஆர் ஓரமாக எனக்கு ஒரு பெயிண்ட் ஷெட் இருக்கிறது. விழுந்து நசுங்கிய பைக் டேங்க், உரசிய கார் பம்பர், துரு தின்ற மட்கார்டு, இவற்றுக்குப் புது முகம் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் அடித்து, கடைசியில் மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் கோட். கடல் காற்று இரும்பை விட்டுவைக்காத ஊர் என்பதால் வேலைக்குப் பஞ்சம் வந்ததில்லை. என் வாய்க்கும் பஞ்சம் வந்ததில்லை. முதலில் கத்திவிடுவேன், பிறகுதான் யோசிப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி சொன்னால், அதற்கும் ஒரு கத்து கத்துவேன்.

அவள் உப்பளத்தில் வேலை செய்தவள். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிட்டாள். தை மாதம் பாத்திச் சேற்றை மிதித்து இறுக்குவதில் தொடங்கி, வெயில் காலம் முழுக்க உப்பு வாரி, ஐப்பசி மழை வந்து வேலையை நிறுத்தும்வரை கால் இரண்டும் உப்புத் தண்ணீரில்தான் இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. போன வருஷம் சர்க்கரை இருப்பது தெரிந்தது. குதிகாலில் இருந்த வெடிப்பு ஒன்று புண்ணாகி மூன்று மாதமாக ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் காலைத் தூக்கித் தன் மடிக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"இனிமே உப்புத் தண்ணியில கால வைக்காதீங்கம்மா. இந்தப் புண்ணு ஆறலன்னா கால எடுக்கற மாதிரி ஆயிடும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "சும்மா குந்திக்கினு துன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றாள்.

"நான் சம்பாதிக்கலயா?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அது நீங்க சம்பாதிக்கறது" என்றாள்.

மழைக்காலம் முடிந்து தை வந்தால் அவள் மறுபடியும் பாத்திக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். கட்டிப் போட்டாலும் அவிழ்த்துக்கொண்டு போவாள். அவளுக்கு வேறு வேலை வேண்டும். அதுவும் நான் பிச்சை போடுவது போல இல்லாமல், அவள் கையால் ஆகிற வேலையாக வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்க என் நெஞ்சில் அதுதான் உட்கார்ந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு மழை விட்ட நாள். பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் பைக் டேங்க் பெயிண்டுக்கு வந்தார். பேங்க்கில் வேலை, லீவு நாளில் மீன் பிடிக்கிற பைத்தியம். பையிலிருந்து ஒரு மர மீனை எடுத்துக் காட்டினார். விரல் நீளம், வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாகத் தூண்டில் முள். பெயிண்ட் பூரா உரிந்து பல் தடமாகக் கிடந்தது.

"இதுக்குப் பேரு லூர்ங்க. நெஜ மீனுன்னு நெனச்சு கொடுவா வந்து கவ்வும். நானே கல்யாண முருங்கைக் கட்டையில செதுக்கறேன். செதுக்க வருது, பெயிண்ட்தான் நிக்கல. டேங்க்குக்கு அடிக்கிற கிளியர் கோட்ட இதுக்கு அடிக்க முடியுங்களா?"

"மீனுக்கு மேக்கப்பா சார்?" என்று சிரித்தேன். ஆனாலும் செதுக்கி வைத்திருந்த ஆறு கட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டை நானே அடித்தேன். மேலே நீலம், கீழே வெள்ளி, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. எனக்குப் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது மீனா, மினி பஸ்ஸா?" என்றாள்.

"நீ அடி பாக்கலாம்" என்றேன் ரோஷமாக.

அவள் தூக்குவாளியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு என் சோறு ஆறிப்போனது. உப்பளத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடும் பலகையருகே மடவை மீன் கூட்டமாக வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அதை அவள் இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்தவள். முதுகு கறுப்பு இல்லை, பாசி படிந்த தகரத்தின் நிறம் என்றாள். விலாவில் வெள்ளி நேராக இறங்கக் கூடாதாம், கொக்கு வந்து நின்றதும் மடவை ஒருக்களித்துத் திரும்பும், அப்போது வயிற்றுப்பக்கம் பளிச்சென்று ஒரு கீற்று தெரியும், அந்தக் கீற்றைத்தான் போட வேண்டுமாம். கண்ணைக் கடைசியில் வைத்தாள். குண்டூசித் தலையை மஞ்சளில் தொட்டு ஒரு பொட்டு, அது காய்ந்ததும் நடுவில் கறுப்பில் ஒரு சின்னப் பொட்டு. அந்தக் கறுப்பைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தாள். மீன் மேலே எதையோ பார்த்துப் பயந்த மாதிரி ஆகிவிட்டது. நான் முப்பது வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்தவன், எனக்கு வராத ஒன்று அவளுக்கு ஒரு மத்தியானத்தில் வந்தது. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

செதில் போடுவதற்கு வலைத்துணி வேண்டும். மீன் மேல் வலையை இழுத்துப் போர்த்தி மேலே லேசாக ஸ்ப்ரே அடித்தால், எடுத்த பிறகு செதில் செதிலாக விழும் என்று பாண்டிச்சேரிக்காரர் சொல்லியிருந்தார். வெங்காய மூட்டை வலையில் அடித்தால் செதில் ஒவ்வொன்றும் தட்டு மாதிரி வந்தது. மறுநாள் என் மனைவி கல்யாணத்தன்று மாதா கோயிலில் தலையில் போட்டிருந்த வெள்ளை நெட்டைக் கொண்டுவந்து, என் கண் முன்னாலேயே கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டினாள்.

"ஏய், ஏய்! என்னா பண்ற?"

"பொட்டியில கெடந்து பூச்சி துன்னப் போவுது. இத்த மீனாவது துன்னட்டும்."

செதில் அச்சு அசலாக விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், அது அபூர்வம்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "தூசி இருந்தா கிளியர் கோட்டு காட்டிக் குடுத்துடும். சுத்தமா தொடச்சிட்டுத்தான் அடிக்கணும்" என்றேன். நான் செய்வது சுலபம். கம்ப்ரஸர் காற்றால் ஒரு ஊது, தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை, முடிந்தது. அவளுக்குத் தின்னர் வாடை ஆகாது, தலைவலி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு மீனையும் வாளித் தண்ணீரில் முக்கி, பழைய காட்டன் சேலைத் துண்டால் தேய்த்து, மறுபடியும் முக்கி எடுத்து, வெயிலில் வரிசையாகக் காயவைப்பாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பக்குவம்.

"சாம்பிராணி போடலயா?" என்று கிண்டல் செய்வேன்.

"போடுவேன், உங்களுக்கு என்னா?" என்பாள்.

கிளியர் கோட் நான்தான் அடிப்பேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் கோத்து, மெல்லிசாக ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, கடைசியாக நனைந்தாற்போல ஒன்று. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் தள்ளி நின்று பார்ப்பாள். மங்கிக் கிடந்த கலரெல்லாம் ஈரம் பட்டு எழுந்து வரும். "உசுரு வந்துடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வாள்.

நான் அடித்த இரண்டையும் அவள் செய்தவற்றையும் எடுத்துக்கொண்டு போன பாண்டிச்சேரிக்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கழுவெளி ஏரி முகத்துவாரத்திலிருந்து போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, ரெண்டு கொடுவாக்கா! ரெண்டும் உங்க மீனுக்குத்தான் வந்துச்சு!"

"எவ்ளோ பெருசு?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் கையை விரித்து அந்த நீளத்தை எனக்குக் காட்டினாள், நான் கேட்காதது போல. இன்னும் இருபது வேண்டும், கூட்டாளிகளும் கேட்கிறார்கள், கட்டைகளைச் செதுக்கி அனுப்புகிறேன் என்றார். போனை வைத்த பிறகு, "பாத்தி மிதிக்க வரலன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடட்டா?" என்றாள்.

"சொல்லிடு" என்றேன்.

"கிறிஸ்மஸ் போவட்டும், சொல்லிக்கலாம்" என்றாள். அவளுக்கு எதையும் முழுசாகக் கையில் பிடிக்கும்வரை நம்பிக்கை வராது. எனக்கோ அன்றைக்கே எல்லாம் கைகூடிவிட்ட மாதிரி இருந்தது.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் நேரில் வந்தார். முகம் சரியில்லை. ஒரு டப்பாவைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தார். எல்லாம் அவள் செய்த மீன்கள். கிளியர் கோட் பூராவும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அம்மை போட்ட மாதிரி இருந்தது. நகத்தால் ஒன்றைக் குத்தினேன். உள்ளேயிருந்து தண்ணீர் வந்தது, கூடவே செதிலும் உரிந்து வந்தது.

"ரெண்டு தடவ தண்ணியில போட்டதுமே இப்டி ஆயிடுச்சுங்க. பரவால்லங்க, அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். எனக்கு அந்தப் 'பரவால்ல'தான் செருப்படி மாதிரி விழுந்தது.

அவர் போனதும் நேராகக் கூனிமேட்டுக்கு வண்டியை விட்டேன். கிளியர் கோட்டில் கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனரை வாங்கும் கடை அங்கேதான். வாசலில் நின்றே ஆரம்பித்துவிட்டேன். "பாய், பழைய ஸ்டாக்க என் தலையில கட்டிட்டீங்களே!"

பாய் நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் கொண்டுபோன மீன்களைப் பார்த்தார். "அல்லா மேல ஆணையா புதுப் பெட்டிண்ணே. சரி, எல்லா மீனும் இப்டித்தான் ஆச்சா?"

"இல்ல. நான் அடிச்ச ரெண்டு நல்லாத்தான் இருக்குதாம். வூட்டுல செஞ்சதுதான் இப்டி."

"ரெண்டுக்கும் ஒரே டப்பா, ஒரே கன்னு. அப்புறம் ஹார்டனர் என்னண்ணே பண்ணும்?"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று சொல்லவில்லை, பார்வையில் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் ஓடியது. ஒரே டப்பா, ஒரே கன், ஒரே காற்று. அப்படியென்றால் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான் என்று என் ஆத்திரம் கணக்குப் போட்டது.

வீட்டு வாசலில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். மீன்களை அவள் காலடியில் கொட்டினேன்.

"பாரு! நான் தொட்டது நிக்குது, நீ தொட்டது பூரா வீங்கிக் கெடக்குது. இத்தினி வருஷமா உப்புல ஊறுன கையி. அந்தக் கை பட்டா எது உருப்படும்?"

சொல்லி முடிக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனால் வார்த்தை போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நட்சத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாற்றம். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. அப்பளத்தைக் கூடக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டில் பிறந்து நாற்பது நாளான குழந்தையை அவர்கள் நீட்டியபோது, "கை ஈரமா இருக்குது" என்று பின்வாங்கினாள். கை ஈரமாக இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிறிஸ்மஸ் பூசை முடிந்து குடிலில் பாலன் இயேசுவை எல்லோரும் கையால் தொட்டு, முத்தமிட்டு முத்தி செய்தார்கள். அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, குனிந்து உதட்டால் மட்டும் முத்தி செய்துவிட்டு நகர்ந்தாள். அந்த இடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் நெஞ்சு கேள் கேள் என்றது. வாய்தான், கத்தும்போது மட்டும் திறக்கிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

பொங்கல் கழிந்ததும் மேஸ்திரி வாசலில் வந்து கூப்பிட்டார். "வர்றேன்" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் என் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, குதிகால் புண்ணுக்கு மருந்து வைத்துப் பாலித்தீன் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" என்றேன்.

"கை ஒதவல. காலாவது ஒதவட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கும் எனக்குப் புத்தி வரவில்லை, வீம்புதான் வந்தது. அவள் செய்த அதே மடவையை, அவள் செய்தபடியே, என் கையால் செய்து நிற்கவைத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். மிச்சமிருந்த கட்டைகளை எடுத்தேன். அதே தகர நிறம், அதே கீற்று, அதே நெட். கண் மட்டும் அவள் வைத்த மாதிரி வரவில்லை. பிறகு அவளைப் போலவே வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்து, முக்கி எடுத்து, காயவைத்து, கிளியர் கோட் அடித்தேன். நன்றாக இறுகட்டும் என்று ஒரு வாரம் தொங்கவிட்டு, பிறகு ஒரு பக்கெட் கடல் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் கொப்புளம். என் கை தொட்டது, என் கை மட்டுமே தொட்டது, அம்மை போட்டுக் கிடந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே, பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்த ஒரு கறுப்பு மட்கார்டு. அதன்மேல் காலையில் வாளித் தண்ணீரில் கழுவின இன்னொரு மீனை வைத்திருந்தேன். மீனிலிருந்து வழிந்த தண்ணீர் வெயிலில் காய்ந்து, மீனைச் சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையம் கட்டியிருந்தது. இந்த வெள்ளையை நான் ஆயுசு பூராவும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் எந்தப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாலும் இது படியும். எழுந்துபோய் அந்த மீனை எடுத்து நாக்கால் நக்கினேன். உப்புக் கரித்தது.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். மற்றதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான், அது உப்பு என்ற நினைப்பே எங்களுக்கு வருவதில்லை. மீன் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவள் இரண்டு முறை குளிப்பாட்டியபோது, இரண்டு முறையும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பைப் பூசியிருக்கிறாள். அதன்மேல் நான் கண்ணாடி மாதிரி கிளியர் கோட்டை மூடியிருக்கிறேன். தண்ணீரில் போட்டதும் அடியிலிருந்த உப்பு தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கிவிட்டது. பைக் டேங்க் எதுவும் கழுவெளியில் முழுகிக் கிடப்பதில்லை, அதனால் எனக்கு இது முப்பது வருஷமாகத் தெரியாமல் போனது. நான் செய்த இரண்டு மீன்கள் பிழைத்தது என் கைத்திறமையால் இல்லை. கழுவச் சோம்பேறித்தனப்பட்டு, துணியால் ஒரு துடை துடைத்து விட்டதால்.

அப்போதும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, ஆறு துண்டுக் கட்டைகளை எடுத்து மூன்றைப் போர் தண்ணீரிலும் மூன்றைக் கேன் தண்ணீரிலும் கழுவி, ஒரே கிளியர் கோட் அடித்து, பக்கெட்டில் போட்டேன். கேன் தண்ணீர்க் கட்டைகள் கண்ணாடியாக வந்தன. மற்ற மூன்றும் வீங்கி வந்தன. அந்த நாட்களெல்லாம் அவள் பாத்தியில் மிதித்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் வந்து பையை அவிழ்க்கும்போது பைக்குள்ளும் தண்ணீர் இருக்கும். அதை எனக்குக் காட்டாமல் வாசல் பக்கம் திரும்பி ஊற்றுவாள்.

கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அழுகை வந்தது. கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு அழுதேன், சத்தம் ரோட்டுக்குக் கேட்காது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆறு கட்டைகளையும் பையில் போட்டு, பாதி இருந்த தண்ணீர் கேனையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கோர்ட்டுக்குச் சாட்சி கொண்டுபோகிறவன் மாதிரி.

பெண்கள் பாத்தியில் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆண் சட்டை, தலைத்துண்டு. அந்தப் பாலித்தீன் பையை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். வரப்பில் நின்றபடியே, பழக்க தோஷம், கத்தினேன்.

"உன் கையில ஒண்ணும் இல்ல! தண்ணி! தண்ணியிலதான் உப்பு!"

பாத்தி பூரா சிரித்தது. "அண்ணே, உப்பளத்துக்கு வந்து தண்ணியில உப்பு இருக்குதுன்னு சொல்றியே, இத்த யாரு உனுக்குச் சொன்னது?" என்றாள் ஒருத்தி.

என் மனைவி சிரிக்கவில்லை. வரிசையை விட்டு மெதுவாக நடந்து வரப்போரம் வந்து நின்றாள், கால் இன்னும் சேற்றில்தான். நான் கட்டைகளை நீட்டினேன். எது எந்தத் தண்ணீர் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். வீங்கியதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். வழவழப்பானதன்மேல் ஓட்டிப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமே. என் கைதான். எங்கிட்டயும் வீங்குச்சு."

கட்டைகளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அன்னைக்கு வாசல்ல என்னா சொன்ன?" என்றாள்.

"தப்புதான்" என்றேன்.

"அது இல்ல. என்னா சொன்ன, அத்த சொல்லு."

முணுமுணுத்தேன்.

"யோவ், சத்தமா சொல்லு. அன்னைக்கு சத்தமாத்தான சொன்ன."

சொன்னேன். உப்பில் ஊறிய கை பட்டால் எதுவும் உருப்படாது என்று சொன்னதை, உப்பில் ஊறிய இருபது கைகளுக்கு முன்னால் நின்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அது பொய், தப்பு என்னுடையது, நான் கொடுத்த தண்ணீருடையது, அவள் கையைப் போல ஒரு கை எனக்கு வராது என்றும் சொன்னேன். அவள் கண் நிறைந்து வழிந்தது, அதைத் துடைக்கச் சேற்றுக் கையைத் தூக்கியவள், சேற்றைப் பார்த்துவிட்டுச் சட்டைத் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

மேஸ்திரி என்ன கூட்டம் என்று வந்தார். "நாளையிலேர்ந்து இவ வரமாட்டா" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ யாருய்யா என்னக் கேக்காம சொல்றதுக்கு?" என்று என்னை அடக்கினாள். பிறகு அவளே அவரிடம் சொன்னாள். "நாளையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்குங்கண்ணே. எனுக்கு வேல இருக்குது."

என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் கீழே குந்தி அந்தப் பாலித்தீன் பையின் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே கலங்கல் தண்ணீர் நின்றது, மருந்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. அங்கே யார் கால் கழுவினாலும் வாய்க்கால் தண்ணீரில்தான், அது வெடிப்பில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். நான் கேனைத் தூக்கி மெதுவாகச் சாய்த்தேன்.

"பெரிய வியாழன்ல சாமியாரு காலு கழுவறதுக்கு இன்னும் நாள் கெடக்குதே அண்ணே!" என்று அந்தப் பெண் மறுபடி குரல் கொடுத்தாள். நான் திரும்பவில்லை. சேறு கரைந்து இறங்கி, குதிகால் புண் சிவப்பாகத் தெரிந்தது. என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து காலைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "எரியல. இன்னும் கொஞ்சம் ஊத்து."